ஈயமா, செம்பா? பெரிய விலங்கு வேட்டைக்குக் குண்டும் குறியும்

எந்தக் காலிபர் (குண்டின் விட்டம்) சிறந்தது என்ற சண்டை வேட்டைக்காரர்களிடம் ஓயவே ஓயாது. என்னைக் கேட்டால், குண்டு எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். எந்தக் கோணத்தில் சுடலாம், எதை விட்டுவிட வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

செம்பு உறைக்குள் ஈயம், நுனி மட்டும் திறந்திருக்கும் சாஃப்ட் பாயிண்ட்தான் பழைய நம்பகமான ஆள். விலை குறைவு, உடலில் பட்டதும் சட்டென்று விரியும். பக்கவாட்டில் நிற்கும் மானின் நுரையீரலுக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் மேக்னம் (வெடிமருந்து கூடிய, வேகமான தோட்டா) வேகத்தில், கிட்டத்தில், எல்க் அல்லது மூஸ் போன்ற மிகப் பெரிய மானினங்களின் தோள் எலும்பில் பட்டால் உறையும் ஈயமும் பிரிந்து சிதறி, காயம் மேலோட்டமாக நின்றுவிடலாம். மூஸ் வேட்டையில் இந்தத் தொல்லையைப் பட்ட பிறகுதான் அமெரிக்கரான ஜான் நாஸ்லர் நடுவில் தடுப்புச் சுவர் வைத்த பார்ட்டிஷன் குண்டை உருவாக்கினார். அது 1948-இல் விற்பனைக்கு வந்தது. உறையோடு ஈயத்தை ஒட்டவைத்த பாண்டட் குண்டுகளும் இதே சிக்கலைத்தான் வேறு வழியில் தீர்க்கின்றன.

முழுச் செம்புக் குண்டு எலும்பை உடைத்துக்கொண்டு போனாலும் எடையை அநேகமாக இழப்பதில்லை. இறைச்சியில் ஈயத்துகளும் சேராது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டாவே கூடாது. சரி, குறை? செம்பு ஈயத்தைவிட லேசானது (அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 8.96 கிராம், ஈயத்துக்கு 11.34). அதனால் அதே எடைக்குக் குண்டு நீளமாகும். விரியவும் அதற்கு வேகம் வேண்டும். தொலைவில் வேகம் குறைந்துபோனால் விரியாமல் ஊசி குத்தியதுபோல் துளைத்துவிட்டுப் போய்விடும். தயாரிப்பாளர் குறிப்பிடும் குறைந்தபட்ச வேகத்தைப் பார்க்காமல் தூரத்துக்கு ஆசைப்படக் கூடாது. வேகம் கிடைக்க, .30-06 என்ற ரைஃபிள் தோட்டாவில் 180 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) ஈயத்துக்குப் பதில் 165 கிரெய்ன் செம்பு எடுப்பது நல்ல ஏற்பாடு.

இனி குறி. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சுயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு: நுரையீரல் பெரிய இலக்கு, கை கொஞ்சம் பிசகினாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் விலங்கு ஐம்பது, நூறு மீட்டர் ஓடித்தான் விழும். மேல் தோளில் சுட்டால் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே சாயும், இறைச்சி வீணாகும், ஈயக்குண்டு உடையும் அபாயமும் உண்டு. தலைக்குக் குறிவைப்பவர்களை எனக்குப் பிடிக்காது. மூளை சிறியது, சற்றுத் தவறினால் தாடை உடைந்த விலங்கு பட்டினி கிடந்து சாகும். விலங்கு பின்பக்கத்தை நம் பக்கம் சற்றுத் திருப்பிச் சாய்வாக நின்றால் எதிர்ப்பக்க முன்னங்காலை மனதில் வைத்துச் சுட வேண்டும். குண்டு வெகுதூரம் உள்ளே போக வேண்டிய இடம் இது, இங்கே செம்பு தெளிவாக முந்துகிறது.

மான் மட்டும் என்றால் சாஃப்ட் பாயிண்ட், விலாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எல்க், மூஸ் என்றால் நான் செம்பையே எடுப்பேன்.

ஆப்பிரிக்க எருமை தனிக் கணக்கு. அங்கே பல நாடுகளில் .375 காலிபருக்குக் குறைந்த ரைஃபிளைச் சட்டமே அனுமதிப்பதில்லை. இதயம் இன்னும் கீழே, முன்னால் இருப்பதால் முன்னங்காலின் நேர்மேலே குறி போகும். முதல் தோட்டா விரியும் ரகம், பின்னால் வருபவை விரியாத சாலிட் என்று நிரப்புவது பலருடைய வழக்கம். அடிபட்டு விலகி ஓடும் எருமையைப் பின்னாலிருந்து நெஞ்சுவரை துளைக்க சாலிட்டால்தான் முடியும்.