பழைய கல்வீடு, புது உள்ளலங்காரம்: ஐந்து வருடம் வாழ்ந்து பார்த்ததில்

நூறு வருடம் தாண்டிய சின்னக் கல்வீடு. புதுப்பித்துக் குடியேறி ஐந்து வருடம் ஆகிறது. உள்ளே நுழைந்தால் மனசு அடங்க வேண்டும், இந்தக் காலத்து வசதியும் குறையக் கூடாது. அதுதான் அப்போதைய கணக்கு.

முதலில் சறுக்கியது சுவரில். வெளிர் நிறம் இருந்தால் போதும் என்று கூடம் முழுக்க பிளாஸ்டிக் எமல்ஷன் பெயின்ட் அடித்தோம். முதல் மழைக்காலத்திலேயே முழங்கால் உயரம் வரை கொப்புளித்து, உப்புப் பூத்தது. இந்த மாதிரிக் கெட்டிச் சுவர்களில் பெரும்பாலும் ஈரத்தடுப்பு அடுக்கு இருக்காது. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புச் சாந்து வழியாகத்தான் ஆவியாகிப் போகும். அந்த வழியைப் பெயின்ட் அடைத்துவிட்டது. எல்லாவற்றையும் சுரண்டி, முன்பு யாரோ பூசியிருந்த சிமென்ட்டையும் கொத்தி எடுத்து, சுண்ணாம்புக் காரை பூசினோம். காய வாரக்கணக்கில் ஆனது. அதன் மேல் சுண்ணாம்பு நீர் நான்கு கை. அடிக்கும்போது ஒன்றுமே அடிக்காத மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம், காயக் காய வெளுக்கும். சாய்ந்தால் சட்டையில் ஒட்டுவது இன்றுவரை தொல்லைதான். ஆனால் பளபளப்பு இல்லாததால் மேடுபள்ளம் கண்ணை உறுத்துவதில்லை. உப்பு அப்புறம் இரண்டே இடத்தில்தான் எட்டிப்பார்த்தது, பிரஷ்ஷால் தட்டிவிட்டோம்.

விளக்கிலும் அதே அவசரம். தாழ்ந்த கூரையில் வெள்ளை ஒளி தரும் 4000 கெல்வின் விளக்குகளைப் பதித்ததில் கண் கூசியது (கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு). இப்போது மூலைக்கொன்றாக மஞ்சள் ஒளி தரும் 2700 கெல்வின் மேசை விளக்கு. கூரை விளக்கு வீடு பெருக்கும்போது மட்டும்.

சாமான் வெளியே தெரியாமலிருக்க, ஒரு சுவர் நீளத்துக்கும் கதவு வைத்த அலமாரி. செலவழித்ததில் நான் வருத்தப்படாத ஒரே பெரிய தொகை இது. சுவர் எங்கேயும் நேராக இல்லை. தச்சர் அதன் வளைவைப் பலகையில் கோடாக இழுத்து, அதன்படியே அறுத்துப் பொருத்தினார். கைப்பிடி வேண்டாம் என்று நான்தான் அடம்பிடித்தேன். அழுத்தினால் திறக்கும் தாழ் வைத்தோம். ஈரக்காலத்தில் மரம் உப்பியதும் கதவு அழுத்தவும் வரவில்லை, திறக்கவும் வரவில்லை. இரண்டாம் வருடம் கைப்பிடியாக மரக்குமிழ் வந்தது. வெளிச்சுவரை ஒட்டியிருந்த பகுதியில் பூஞ்சை பிடித்ததால் அதை ஐந்து சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தி, மேலும் கீழும் காற்றுக்குத் துளை விட்டோம்.

வடிவமைக்காமலேயே அமைந்தது ஜன்னல் குழி. சுவர் தடிமனாக இருப்பதால் ஆள் உட்காரும் ஆழம். ஒரு பலகை, ஒரு மெத்தை, அவ்வளவுதான். வருகிறவர்கள் சோபாவை விட்டுவிட்டு அங்கேதான் போய் உட்காருகிறார்கள்.