பணம் வங்கியில் இருக்கிறது என்று நம்பி ஏமாந்தேன்

கைச்செலவுக்கு மூன்று மாதப் பணம் தனியாக எடுத்து வைப்பது என் வழக்கம். வட்டி கொஞ்சம் கூடத் தருகிறார்களே என்று அதை ஒரு நிதிச் செயலியில் போட்டேன். ஒரு திங்கட்கிழமை காலை திறந்தால் இருப்பு சரியாகத்தான் தெரிகிறது, 'பணம் எடு' பொத்தான் மட்டும் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கிறது. மேலே ஒரு வரி: "சேவை தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது." அந்தத் தற்காலிகத்துக்கு இது ஐந்தாவது மாதம்.

கஸ்டமர் கேரில் மனிதர் யாரும் இல்லை, சாட்பாட்தான். எதைக் கேட்டாலும் "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்றது. நான் பொறுமையாக இருப்பதாக அதற்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

அப்புறம்தான் விதிமுறைகளைப் படித்தேன். சேரும்போது 'ஒப்புக்கொள்கிறேன்' என்று தட்டிவிட்டுத் தாண்டி வந்த அதே விதிமுறைகள்தான். "நாங்கள் வங்கி அல்ல" என்று நடுவில் தெளிவாகவே போட்டிருக்கிறார்கள். ஆனால் முதல் திரையில் பச்சைப் பூட்டுப் படம், பக்கத்தில் "உங்கள் பணத்துக்குக் காப்பீடு உண்டு". அந்த வரியின் கடைசியில் எறும்புத்தலை அளவுக்கு ஒரு நட்சத்திரக் குறி. அதைப் பிடித்துக்கொண்டு கீழே போனால், கூட்டாளி வங்கி, அதாவது செயலி நிறுவனம் நம் பணத்தைப் போட்டு வைக்கும் வங்கி, திவாலானால் மட்டுமே காப்பீடு என்கிறது. இங்கே வங்கி நன்றாகத்தான் இருக்கிறது, விழுந்தது நடுவில் இருந்த செயலி நிறுவனம்.

அந்த வங்கியையே கேட்டேன். "உங்கள் பெயரில் இங்கே கணக்கே இல்லை" என்றார்கள். எல்லாருடைய பணமும் செயலி நிறுவனத்தின் பெயரில் ஒரே கணக்கில் கிடக்கிறதாம். அதில் யாருக்கு எவ்வளவு என்ற பேரேடு வங்கியிடம் இல்லை.

இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் செயலிகளுக்கும் வங்கிகளுக்கும் இடையில் கணக்கு வைத்துக்கொண்டிருந்த சினாப்ஸ் நிறுவனம் 2024 ஏப்ரலில் திவால் மனு போட்டது. வாடிக்கையாளர்களுக்குச் சேரவேண்டிய தொகைக்கும் வங்கிகளில் இருந்த தொகைக்கும் நடுவே 6.5 கோடி முதல் 9.6 கோடி டாலர் வரை இடைவெளி இருப்பதாக, நீதிமன்றம் வழியாக நியமிக்கப்பட்ட பொறுப்பாளர் சொன்னார். வங்கி எதுவும் விழாததால் அங்கேயும் வைப்புத்தொகைக் காப்பீடு கைகொடுக்கவில்லை. 2020 ஜூனில் ஜெர்மனியின் பணப்பரிவர்த்தனை நிறுவனமான வயர்கார்டு சரிந்தபோது, அதன் பிரிட்டன் கிளையைக் கட்டுப்பாட்டு ஆணையம் முடக்கியது. அந்தக் கிளையை நம்பி வேறு நிறுவனங்கள் கொடுத்திருந்த கார்டுகளும் சில நாட்கள் வேலை செய்யவில்லை. கார்டு வைத்திருந்த பலர் வயர்கார்டு என்ற பெயரையே அதற்கு முன் கேட்டிருக்க மாட்டார்கள்.

எனக்கு உறுத்தியிருக்க வேண்டியது அந்த வட்டிதான். செயலியிலோ கார்டிலோ செலவழிக்க முன்கூட்டியே பணம் வாங்கி வைக்கும் மின்பண நிறுவனங்கள் அந்தப் பணத்துக்கு வட்டி தரவே கூடாது என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டு சட்டம். வட்டி தருவதாகச் சொல்லி மக்களிடம் பணம் வாங்கி வைப்பது வங்கி வேலை, அதற்கு வங்கி உரிமம் வேண்டும். வாலட் நடத்துகிறவர் வட்டியும் தருகிறேன் என்றால், எந்த உரிமத்தின் பேரில் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். நான் எத்தனை சதவீதம் என்று மட்டும்தான் கேட்டேன்.

நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆணையத்தில் புகார் கொடுக்கப் போனபோது படிவத்தின் முதல் கட்டத்திலேயே தடுமாறினேன். நிறுவனத்தின் பதிவுப் பெயரும் உரிம எண்ணும் கேட்டார்கள். செயலியின் பெயரைப் பதிவேட்டில் தேடினால் வரவில்லை. உரிமம் வேறொரு நிறுவனத்துடையது, இவர்கள் அதற்கு முகவர்கள். அந்த உரிமமும் பணம் அனுப்பும் சேவைக்கு மட்டும்தான், வட்டித் திட்டம் எங்கள் எல்லைக்குள் வராது என்று பதில் வந்தது. இப்போது திவால் நிர்வாகியிடம் கடன்காரர்கள் வரிசையில் நிற்கிறேன்.

இந்த மாதிரிச் செயலியில் பணம் வைத்திருப்பவர்கள் கணக்கு அறிக்கையை இன்றைக்கே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வாரமே எனக்கு லாகின் போய்விட்டது. நிர்வாகி ஆதாரம் கேட்டபோது என் கையில் இருந்தது, அந்தத் திங்கட்கிழமை பதற்றத்தில் எடுத்த ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட்.