செக் வழியா, டாட் வழியா? ஒரு புரதத்தைப் பெரிபிளாசத்துக்கு அனுப்பிய அனுபவம்

ஈ.கோலை பாக்டீரியாவில் ஒற்றைச் சங்கிலி எதிர்ப்பொருள் துண்டு ஒன்றைத் தயாரிக்க முற்பட்டபோது, அது செல்லின் எந்த அறையில் போய்ச் சேர வேண்டும் என்பதைத்தான் நான் முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. செல்லின் உட்பகுதியான சைட்டோபிளாசத்திலேயே விட்டுவிடலாம்; அல்லது, இரு சவ்வுகளுக்கும் இடைப்பட்ட பெரிபிளாசத்துக்கு, உட்சவ்வைக் கடக்க உதவும் செக், டாட் என்னும் இரு வழிகளில் ஒன்றின் மூலம் அனுப்பலாம். நான் செக் வழியைத் தேர்ந்தெடுத்தேன். இத்தகைய புரதத்துக்கு இன்று யார் கேட்டாலும் அதையே பரிந்துரைப்பேன்.

புரதத்தின் முன்முனையில் இருக்கும் ஒரு சிறு சமிக்ஞை வரிசையே அதன் முகவரி என்பது இரு வழிகளுக்கும் பொது. செல்லுக்குள் தாம் சேரவேண்டிய இடத்தைப் புரதங்கள் தம்மிடமே குறித்து வைத்திருக்கின்றன என்று காட்டியதற்காகவே குந்தர் புளோபெல் 1999-இல் நோபல் பரிசு பெற்றார். வழிகள் பிரிவது புரதம் எந்த நிலையில் சவ்வைக் கடக்கிறது என்பதில்தான். செக் வழியில் புரதம் மடியாத இழையாகவே செல்கிறது. செக்-ஏ என்னும் புரதம் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி-யைச் செலவிட்டு அதைத் துளை வழியே தள்ளுகிறது. டாட் வழியின் முகவரியில் ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலம் இரண்டு அடுத்தடுத்து நிற்கும். அவ்வழி முழுமையாக மடிந்த புரதத்தையே ஏற்கும், சவ்வின் இருபுறமும் உள்ள புரோட்டான் வேறுபாட்டிலிருந்து ஆற்றலைப் பெறும்.

எனக்கு இதுவே தீர்மானமான காரணம் ஆயிற்று. எதிர்ப்பொருள் துண்டில் சிஸ்டீன் என்னும் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் நான்கு உண்டு. அவற்றின் கந்தகங்கள் இரண்டு டைசல்ஃபைடு பிணைப்புகளாக இணைந்தால்தான் துண்டு நிலைத்து நிற்கும். சைட்டோபிளாசம் ஒடுக்கும் தன்மை கொண்டது என்பதால் அங்கே அந்தப் பிணைப்புகள் எளிதில் உருவாகா. அங்கேயே மடிந்து முடித்துவிட்டு வா என்று கேட்கும் டாட் வழி, என் புரதத்திடம் செய்ய இயலாத ஒன்றைக் கேட்டது. அதற்காக ஆக்சிஜனேற்றச் சூழல் கொண்ட சிறப்பு பாக்டீரியா வகையை வளர்க்க வேண்டியிருந்திருக்கும். செக் வழியிலோ, இழையாக உள்ளே வரும் புரதத்தை டிஎஸ்பி-ஏ என்னும் நொதி பெரிபிளாசத்தில் எதிர்கொண்டு, பெரும்பாலும் அடுத்தடுத்து வரும் சிஸ்டீன்களை இணைத்துவிடுகிறது. எதிர்ப்பொருள் துண்டில் முதலாவது இரண்டாவதோடும், மூன்றாவது நான்காவதோடும் இணைய வேண்டும் என்பதால், அந்நொதியின் இயல்பும் என் தேவையும் பொருந்திப் போயின.

இந்த வழியிலும் சிக்கல் உண்டு. பெல்-பி என்னும் 22 அமினோ அமில சமிக்ஞையைச் சேர்த்து, 37 டிகிரியில், புரத உற்பத்தியைத் தூண்டும் ஐபிடிஜி என்னும் வேதிப்பொருளை 1 மில்லிமோலார் அளவில் கொடுத்தபோது, புரதங்களை அளவு வாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒன்றை ஒன்று ஒட்டியபடி இரண்டு பட்டைகள் தெரிந்தன. கீழே இருந்தது சமிக்ஞை வெட்டப்பட்ட புரதம். மேலே இருந்தது வாசலில் இடம் கிடைக்காமல் உள்ளேயே தங்கிவிட்ட முன்வடிவம். வெப்பத்தை 25 டிகிரியாகவும் ஐபிடிஜி-யைப் பத்தில் ஒரு பங்காகவும் குறைத்த பிறகே மேல் பட்டை மங்கியது. வேகமாகத் தயாரித்தால் நிறைய கிடைக்கும் என்னும் எண்ணம் இங்கே செல்லாது.

மீட்டெடுப்பில் செக் வழி தரும் ஆறுதல் பெரிது. செல்களை 20 சதவீத சர்க்கரையும், உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ-வும் கலந்த கரைசலில் சிறிது நேரம் வைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, அடியில் படியும் செல் திரளான பெல்லட்டைப் பனிக்குளிர்ந்த மெக்னீசியம் சல்பேட் கரைசலில் கலக்கினால், வெளிச்சவ்வு தளர்ந்து பெரிபிளாசத்தில் உள்ளவை வெளியே வந்துவிடும். உட்சவ்வு பெரும்பாலும் உடையாததால் செல்லின் பிற புரதங்களில் மிகப் பெரும்பகுதி பெல்லட்டோடு நின்றுவிடுகிறது. புரதத்தைப் பிடித்துப் பிரிக்கும் நிக்கல் நிரலுக்கு (column) போகும் முன்பே பாதிச் சுத்திகரிப்பு முடிந்தாற்போல் ஆகும். சர்க்கரைக் கரைசலையும் சேர்த்து நிரலில் ஏற்றுவதானால், அதிலுள்ள ஈடிடிஏ நிக்கலைப் பிடுங்கிவிடும் என்பதால் முதலில் டயாலிசிஸ் செய்து, அதாவது சவ்வுப் பை வழியே சிறு மூலக்கூறுகளை வெளியேற்றி, அதை நீக்க வேண்டும்.

சைட்டோபிளாசத்திலேயே விட்டிருந்தால் அளவு அதிகமாகக் கிடைத்திருக்கும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அது பெரும்பாலும் கரையாத திரளாகவே கிடைக்கும். 8 மோலார் யூரியாவில் கரைத்து, நாள்கணக்கில் யூரியாவைக் குறைத்துக்கொண்டே வந்து மறுபடி மடிக்க வேண்டும். எந்தப் புரதம் அதற்கு இணங்கும் என்பது முயன்று பார்க்கும்வரை தெரியாது.

டாட் வழியை நான் ஒரே ஒருமுறை, பச்சை ஒளிர் புரதத்துக்காகப் பயன்படுத்தியிருக்கிறேன். அந்த ஒற்றை அனுபவத்தை வைத்து விளைச்சலைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது சரியாகாது. ஆயினும் அந்தப் புரதத்துக்கு அதுவே உரிய வழி என்பதில் ஐயமில்லை. செக் வழியில் இழையாகப் பெரிபிளாசத்தை அடையும் பச்சை ஒளிர் புரதம் அங்கே சரியாக மடியாமல் ஒளியற்றே கிடக்கும். சைட்டோபிளாசத்திலேயே மடிந்து டாட் வாசலைக் கடந்ததோ, செல்லின் விளிம்பில் பச்சை வளையமாக நுண்ணோக்கியில் தெரியும். தாம் செயல்படத் தேவையான உலோகத் துணைக்காரணியைச் சைட்டோபிளாசத்திலேயே பெற்றுக்கொண்டு வெளியேறும் நொதிகளுக்கும் டாட் வழியையே முதலில் முயல்வேன்.