சப்வூஃபர் வாங்கப் போகிறீர்களா? 8,500 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

கோபம் ஆறும் முன்பே எழுதிவிடுகிறேன். வீட்டிலேயே சீல்டு பாக்ஸ் (காற்றுப் போகாத மூடிய ஸ்பீக்கர் பெட்டி) செய்ய ஒரு கார் ஆடியோ கடையில் 12 இன்ச் சப்வூஃபர், அதாவது கீழ் ஸ்வரங்களுக்கான பெரிய ஸ்பீக்கர், வாங்கினேன். 8,500 ரூபாய் போச்சு. கடைப் பெயரைப் போட்டால் வேறு வம்பு வரும், அதனால் போடவில்லை.

கடைக்காரர் அவ்வளவு பாசமாகப் பேசினார். டீ வரவழைத்தார். அட்டைப்பெட்டியைப் பிரித்து, 9 வோல்ட் பேட்டரியை டெர்மினலில் தொட்டார். கோன் (ஸ்பீக்கரின் முன்னால் அதிரும் கூம்பு) டக்கென்று எழும்பியது. "மேக்னெட்டைத் தூக்கிப் பாருங்க சார்" என்று கையில் கொடுத்தார். ரப்பர் உறை போட்டுத் தடியாக, நல்ல கனம். ஸ்பெக் தாளில் எஃப்எஸ் (ஸ்பீக்கர் இயல்பாக அதிரும் அதிர்வெண்) 28 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்பதன் அளவு) 0.45, விஏஎஸ் (கோனின் நெகிழ்வுக்கு ஈடான காற்றின் அளவு) 60 லிட்டர். சீல்டு பாக்ஸுக்கென்றே அமைந்த எண்கள். க்யூடிசி (பெட்டியில் பொருத்திய பிறகு வரும் க்யூ அளவு) 0.7 வர 41 லிட்டர் பெட்டி போதும், பெட்டிக்குள் ரெசொனன்ஸ் (இயல்பான அதிர்வு) 44 ஹெர்ட்ஸில் நிற்கும். "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும், எதுக்கு? வாரண்டிக்கு நான் இருக்கேன் சார்" என்று எஸ்டிமேட் சீட்டு ஒன்றை நீட்டினார். அந்த வார்த்தையை நம்பித்தான் 8,500 ரூபாயை யூபிஐயில் அனுப்பினேன்.

18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகை வாங்கி, மூட்டுக்கு மூட்டு ஃபெவிகால் போட்டு, உள்ளே சிலிக்கான் பூசி, ஸ்பீக்கர் விளிம்புக்கு ஃபோம் டேப் ஒட்டினேன். கோனை மெல்ல அமுக்கி விட்டால் நிதானமாகத் திரும்பி வந்தது. காற்று கசியவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். ஆனால் பாட்டைப் போட்டால் எந்தப் பாட்டுக்கும் ஒரே 'தும் தும்'. கீழ் ஸ்வரம் எதுவுமே இல்லை.

சந்தேகம் வந்து ஸ்பீக்கரை வெளியே எடுத்தேன். ஒரு ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு, போனிலிருந்து டோன் ஓட்டி அளந்தேன். இம்பீடன்ஸ் (ஸ்பீக்கரின் மின்தடை) உச்சம் 55 ஹெர்ட்ஸில்; உச்சம் வரும் இடம்தான் எஃப்எஸ். தாளில் போட்டிருந்ததோ 28! ரப்பர் உறையை நெம்பிக் கழற்றினால் உள்ளே மெல்லிய ஒற்றை மேக்னெட், அதன் பின்னால் கறுப்புப் பெயிண்ட் அடித்த வெறும் இரும்பு வளையம். கையில் கனத்தது அந்த இரும்புதான்.

போன் செய்தேன். முதலில் "பாக்ஸ்ல லீக் இருக்கும் சார்". அப்புறம் "ஆம்ப் பத்தாது". அப்புறம் "புதுசுல்ல, ஓட ஓட சரியாகும்". நேரில் போனால் டீயும் இல்லை, சாரும் இல்லை. "ஸ்க்ரூ போட்ட பீஸை எவன்யா திருப்பி எடுப்பான்?" வளையத்தின் போட்டோவை அனுப்பினேன். என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். 8,500 ரூபாய்! எனக்கு அது சின்னத் தொகை இல்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு அவசரமாகச் சில விஷயங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் காசைக் கொடுக்காதீர்கள். ரப்பர் உறையைக் கடையிலேயே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வாங்காதீர்கள். பேட்டரி வைத்துக் காட்டினால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) அறுந்துபோகவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். பலகை அறுக்கும் முன் எஃப்எஸ்ஸை அளந்துவிடுங்கள். ஏமாந்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. யூபிஐ ரசீதையும் எஸ்டிமேட் சீட்டையும் வைத்து நானும் புகார் கொடுத்திருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.