காருக்குப் புது பேட்டரி போட்டும் டக் டக் நிற்கவில்லை, இந்தக் கடையில் 750 ரூபாயில் முடிந்தது

மதுரை வில்லாபுரம் பக்கம் இருக்கும் சின்ன ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை இது. போர்டில் பெயர் வெயிலில் வெளுத்துப்போய் ‘எலக்ட்ரிக்கல்’ என்ற வார்த்தை மட்டும்தான் மிச்சம் இருக்கிறது, ஒரு வேப்பமரம், ஒரு தகர ஷெட், பழைய செல்ஃப் மோட்டார்கள் (சாவியைத் திருப்பியதும் இன்ஜினைச் சுற்றிவிடுகிற மோட்டார்) குவிந்து கிடக்கும் ஒரு மூலை, அவ்வளவுதான் கடை. நான் நாலு நட்சத்திரம் போட்டிருக்கிறேன். வேலைக்கு ஐந்துமே போடலாம், ஒன்று ஏன் குறைந்தது என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் என் கதை. வண்டி பதினொரு வருஷப் பழைய பெட்ரோல் கார், கையால் கியர் போடுவது. ஒரு நாள் காலையில் ஆபீஸ் கிளம்பும்போது சாவியைத் திருப்பினால் டக் டக் டக் டக் என்று பல்லி கத்துகிற மாதிரி வேகமாகச் சத்தம் மட்டும் வருகிறது, செல்ஃப் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு “பேட்டரி போச்சு சார்” என்றார். நானும் சரி என்றேன், ஏனென்றால் மதுரை வெயிலில் பேட்டரி மூன்று வருஷம் தாண்டினாலே பெரிய விஷயம், என்னுடையது இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. பேட்டரி கடைக்காரர் (எந்தக் கடை என்று இங்கே வேண்டாம்) மீட்டர்கூட வைத்துப் பார்க்காமல், சத்தத்தைக் கேட்டவுடனே புதுசை இறக்கிவிட்டார். பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு 4,800 ரூபாய். வண்டியும் ஒரே சாவியில் கிளம்பியது, நான் சந்தோஷமாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சரியாக ஐந்தாவது நாள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு அழகர்கோவில் போயிருந்தோம். சாமி கும்பிட்டு, தோசைப் பிரசாதம் வாங்கி, அதைக் குரங்கிடமிருந்து காப்பாற்றிக்கொண்டு வந்து வண்டியில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் மறுபடி அதே டக் டக் டக். புது பேட்டரி! பதினெட்டாம்படிக் கருப்பைக் கும்பிட வந்த நாலு இளவட்டங்கள் தள்ளிவிட்டு, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டுக் கிளப்பினேன். (ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் இந்த வேலைக்குப் போகாதீர்கள், அதைத் தள்ளியெல்லாம் கிளப்ப முடியாது.) வருகிற வழியில் இன்ஜினை அணைக்காமலே ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன், அவர்கள் “செல்ஃப் மோட்டார் மொத்தமா மாத்தணும், 9,500 ஆகும்” என்றார்கள். ஏற்கெனவே ஒரு தடவை சூடு பட்டவன் என்பதால், நாளைக்குச் சொல்கிறேன் என்று நழுவி வந்துவிட்டேன்.

அலுவலகத்தில் ஒருவர் சொல்லித்தான் இந்தக் கடைக்கு வந்தேன். கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். நான் போனவுடனே பேட்டரி மாற்றியது, ஒர்க்‌ஷாப்பில் சொன்னது என்று வரிசையாக ஒப்பிக்க ஆரம்பித்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டார். “அவங்க சொன்னதெல்லாம் இருக்கட்டும் தம்பி. சாவியத் திருப்புறப்ப ஹெட்லைட்டு மங்குச்சா, மங்கலையா?”

நான் பார்த்ததே இல்லை. பத்து நாளாக இந்தச் சத்தத்தோடு மல்லுக்கட்டுகிறேன், ஹெட்லைட் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஹெட்லைட்டைப் போடச் சொல்லிவிட்டு, வண்டி முன்னால் போய் நின்றுகொண்டு “இப்ப அடிங்க” என்றார். டக் டக் டக். லைட் கொஞ்சம்கூட மங்கவில்லை. அவர் முகத்தில் அப்போதே ஒரு மாதிரி சிரிப்பு வந்துவிட்டது.

பேட்டரி உண்மையிலேயே காலியாகியிருந்தால், செல்ஃப் இழுக்கும்போது லைட் மெழுகுவத்தி மாதிரி சுருங்கிவிடும் என்று அவர் விளக்கினார். செல்ஃப் மோட்டாரின் தலையில் ஒரு சொலினாய்டு இருக்கிறது, சாவியைத் திருப்பியதும் அது உள்ளே இழுபட்டு மோட்டாருக்குப் பெரிய கரண்ட்டைத் திறந்துவிடும். அந்தப் பெரிய கரண்ட் வருகிற பாதையில் எங்காவது கோளாறு இருந்தால், அல்லது பேட்டரியில் தெம்பு இல்லாவிட்டால், திறந்த அந்த நொடியிலேயே அங்கே வோல்ட் படுத்துவிடும், சொலினாய்டு பிடி விட்டு வெளியே வந்துவிடும். வந்ததும் வோல்ட் ஏறும், மறுபடி இழுபடும். இதுதான் அந்த டக் டக் டக். ஆக, வேகமான டக் டக் என்றாலே மோட்டாருக்குப் போதுமான கரண்ட் போய்ச் சேரவில்லை என்றுதான் அர்த்தமாம், ஆனால் எங்கே நிற்கிறது என்பதை அந்தச் சத்தம் சொல்லாது. கனமாக ஒரே ஒரு ‘டக்’ கேட்டு அப்புறம் அமைதியாகிவிட்டால்தான் கார்பன் பிரஷ், சொலினாய்டு காண்டாக்ட் என்று மோட்டார் பக்கம் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்றார். சத்தமே இல்லை என்றால் அது வேறு வழக்கு, ரிலே, சாவி ஸ்விட்ச், கிளட்ச் ஸ்விட்ச் என்று போகும்.

அப்புறம்தான் மல்டிமீட்டரை எடுத்தார். சும்மா இருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட், அதாவது முழு சார்ஜ். சாவியைத் திருப்பும்போது 12.2. நான் “நல்லாத்தானே இருக்கு” என்றேன். “அதான் தப்பு. செல்ஃபு நெஜமா இழுத்துச்சுன்னா பத்து, பத்தரைக்காவது எறங்கணும். எறங்கலைன்னா பேட்டரி கொடுக்கத் தயாரா இருக்கு, வாங்குறதுக்கு ஆள் இல்ல” என்றார். அதேபோல 9.6க்குக் கீழே போய்விட்டால் முதலில் பேட்டரியைச் சந்தேகப்பட வேண்டுமாம்.

அடுத்து, எனக்கு மிகவும் பிடித்த சோதனை. மீட்டரின் கறுப்பு முள்ளைப் பேட்டரியின் மைனஸ் முனையிலேயே வைத்தார், அதில் மாட்டியிருக்கும் வயர் கிளாம்பில் இல்லை, அந்த ஈய முனையில். சிவப்பு முள்ளை இன்ஜினின் வெறும் உலோகத்தில் அழுத்தினார். “அடிங்க.” மீட்டர் ஏழு வோல்ட்டுக்கு மேல் எகிறி எகிறிக் குதித்தது. இரண்டு இடமும் எர்த்துதான், அதாவது கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பி வருகிற பாதை, நடுவில் அதிகம் போனால் 0.2, 0.3 வோல்ட்தான் காட்ட வேண்டும். பன்னிரண்டில் ஏழு வோல்ட் வழியிலேயே தொலைந்துபோனால் மோட்டாருக்கு மிச்சம் என்ன இருக்கும்?

பிளஸ் டூவில் படித்த ஓம் விதி அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. சின்ன பெட்ரோல் காரின் செல்ஃப் 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். 150 ஆம்பியர் போகிற வழியில் வெறும் 0.03 ஓம் தடை இருந்தாலே நாலரை வோல்ட் காலி. டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தால் அதே வயர் நல்ல வயராகத்தான் தெரியும், ஏனென்றால் லாம்ப் இழுப்பது துளிக் கரண்ட். ஹெட்லைட் மங்காததற்கும் காரணம் இதுவேதான். லைட்டுக்கான எர்த் பாடியிலிருந்து நேராகப் பேட்டரிக்குப் போய்விடுகிறது, கோளாறு பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கிறது.

இதோடு நிறுத்தி, பாடியையும் இன்ஜினையும் இணைக்கிற எர்த் பட்டையை மாற்றியிருந்தாலும் நான் ஒத்துக்கொண்டிருப்பேன். அவர் நிறுத்தவில்லை. ஒரு ஜம்பர் கேபிளை எடுத்து ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும், மறு முனையை இன்ஜினில் ஒரு போல்ட்டிலும் கடிக்கவிட்டார். “இப்ப அடிங்க தம்பி.” ஒரே சுற்றில் வண்டி கிளம்பிவிட்டது. எதையும் கழற்றவில்லை, எதையும் மாற்றவில்லை, பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நான் இறங்கி வந்து பார்த்தபோது அவர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

கடைப் பையன் அடியில் படுத்து, இன்ஜினோடு சேர்ந்திருக்கும் கியர்பாக்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் இருந்த பின்னல் பட்டையைக் கழற்றிக் கொண்டுவந்தான். மேலே பார்த்தால் அழுக்கு, அவ்வளவுதான். லக்கை, அதாவது போல்ட் மாட்டுகிற முனையைத் திருப்பினால் உள்ளே பச்சைப் பச்சையாய்ப் பூத்துப்போய், மூன்று நாலு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. புது பேட்டரி போட்டதும் ஐந்து நாள் எப்படி ஓடியது என்று கேட்டேன். மாட்டும்போது வயரை அசைத்திருப்பார்கள், அதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், அழகர்கோவில் வரை ஓடி இன்ஜின் சூடானதும் மறுபடி கைவிட்டிருக்கும் என்றார். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. பழைய வண்டிகளில் இந்தப் பட்டை போய்விட்டால் கரண்ட் வேறு வழி தேடி கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகப் போகுமாம், அந்தக் கேபிள் சூடாகிப் புகைகூட வருமாம். அவரே இரண்டு மூன்று வண்டி பார்த்திருக்கிறாராம்.

புதுப் பட்டை போட்டார்கள், போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி உப்புத்தாள் போட்டு, மேலே கிரீஸ் தடவினார்கள். அதன்பிறகு மறுபடி அளந்து காட்டினார், அதை நான் கேட்கவே இல்லை. எர்த்தில் 0.15, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 10.6, வண்டி ஓடும்போது சார்ஜிங் 14.2. பட்டைக்கு 350, கூலி 400, மொத்தம் 750. மூன்று வாரம் ஆகிறது, ஒரு நாள்கூடத் தகராறு இல்லை.

இனி குறைகள். காத்திருப்புதான் பெரிய தலைவலி. பத்து மணிக்குப் போனேன், என் வண்டியைத் தொட்டபோது மணி ஒன்று. முன்னால் ஒரு லோடு ஆட்டோவும் இரண்டு காரும் நின்றன, உட்கார இருப்பது பழைய டயர்தான், அதிலும் வேப்பமர நிழல் நகர நகர நாமும் டயரோடு நகர வேண்டும். போனை எடுக்க மாட்டார். பில் கேட்டால் சிகரெட் அட்டையில் எழுதித் தருகிறார். பேச்சும் கொஞ்சம் கறார், என் டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்ததைப் பார்த்துவிட்டு “வெந்நில சோடா உப்பு கலந்து ஊத்துறதுக்குக் கூடவா நேரமில்ல?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். ஏசி, இன்ஜின் கம்ப்யூட்டர் கோளாறெல்லாம் பார்ப்பதில்லை, அதைப் போனவுடனே சொல்லி அனுப்பிவிடுகிறார், அது நல்லதுதான். அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் ஒரு நட்சத்திரம் குறைத்தேன்.

போகிறவர்கள் காலை ஒன்பதுக்கு முன்னால் போய் நின்றுவிடுங்கள், மதியம் ஒன்றரைக்கு ஷட்டர் இறங்கினால் மூன்றரைக்குத்தான் ஏறும். வண்டி நகரவே இல்லை என்றால் வில்லாபுரம், அவனியாபுரம் வட்டாரத்துக்குள் பையனை டூவீலரில் அனுப்புகிறார், அதற்கு 200 ரூபாய் தனி.

கிளம்பும்போது அந்தப் பழைய பட்டையை தினத்தந்தியில் சுற்றி என் கையிலேயே கொடுத்துவிட்டார். டேஷ்போர்டில் கிடக்கிறது. எக்ஸ்சேஞ்சில் போன என் பழைய பேட்டரி நல்ல பேட்டரியாகத்தான் இருந்திருக்கும் என்கிறார், அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.