புள்ளலூர்ச் சண்டைக்கு மதராஸ் சிப்பாய்கள்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

மேசை மேல் பொம்மைப் படைகளை நிறுத்திப் பழைய சண்டைகளை விளையாடுவது எங்கள் பொழுதுபோக்கு. 28 மி.மீ. உயரப் பொம்மைகளில் நெப்போலியன் காலத்துப் படை வேண்டுமா, பெட்டியை வாங்கி, வெட்டி, ஒட்டி, பெயிண்ட் அடித்தால் வேலை முடிந்தது. 1780இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் நடந்த சண்டைக்கு மதராஸ் சிப்பாய்கள், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த நம்மூர் வீரர்கள், வேண்டும் என்றால் கதையே வேறு. உலோகத்தில் வார்த்தவை வெளிநாட்டில் கிடைக்கின்றன. ஆனால் எடை, கூரியர், சுங்கவரி எல்லாம் சேர்ந்தால் ஒரு பட்டாலியனுக்கே கையைக் கடிக்கும். அதனால் பிளாஸ்டிக் பெட்டியில் வரும் வெள்ளைக்காரச் சோல்ஜரை நம்மூர்ச் சிப்பாயாக மாற்றும் வழிக்குப் போனேன். அதே பொம்மைகளை வைத்துத்தான் சென்னையில் வருடக்கணக்காக விளையாடுகிறோம். எது தாங்கியது, எது தாங்கவில்லை என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

சண்டையை அறியாதவர்களுக்கு இரண்டு வரி. கம்பெனியின் கர்னல் வில்லியம் பெய்லியின் படை வடக்கிலிருந்து காஞ்சிபுரம் நோக்கி வருகிறது. சர் ஹெக்டர் மன்றோ பெரிய படையோடு காஞ்சிபுரத்தில் இருக்கிறார், ஆனால் நேரத்துக்கு வந்து சேரவில்லை. செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் பெய்லியைச் சுற்றி வளைக்கிறார்கள், வெடிமருந்து வண்டிகள் வெடிக்கின்றன, கம்பெனிப் படை அழிகிறது. பிடிபட்ட பெய்லி 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையிலேயே இறந்தார். அவரோடு பிடிபட்ட டேவிட் பெயர்ட் என்ற கேப்டன்தான் 1799இல் அதே ஊர்க் கோட்டை மீதான தாக்குதலை நடத்தியவர். மன்றோவின் படைக்கு நான் இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை. அன்றைக்கே வராதவர்களுக்கு இப்போது என்ன அவசரம்?

பெய்லியிடம் இருந்தவர்களில் பெரும்பாலோர் சிப்பாய்கள். ஆக, வேலையில் முக்கால்வாசி அவர்கள்தான். இத்தனை நாள் கழித்து எனக்குப் பட்டது இது: நேரத்தைப் பெயிண்டில் கொட்டுவதைவிடக் கத்தியிலும், பிசைந்து உருக்கொடுக்கும் புட்டியிலும் கொட்டுங்கள். விளையாடும்போது யாரும் பொம்மையை மூக்குக்கு நேரே வைத்துப் பார்ப்பதில்லை. இரண்டு முழம் தள்ளி நின்று பார்க்கிறவருக்கு இவன் சிப்பாயா, ஸ்காட்லாந்து ஹைலண்டரா என்று சொல்வது தலையும் காலும்தான். கண்ணுக்குள் கருவிழி வைத்தீர்களா என்று எதிரில் நிற்பவர் கேட்கப் போவதில்லை. உருவக்கோடு சரியாக இருந்தால் சுமாரான பெயிண்டும் நின்றுவிடும். அது தப்பினால் எவ்வளவு ஷேடிங் கொடுத்தாலும் அவன் வேஷம் கட்டின இங்கிலீஷ்காரன்தான்.

உடலுக்கு நான் எடுத்தது பெர்ரி மினியேச்சர்ஸ் என்ற பொம்மை நிறுவனத்தின் அமெரிக்க விடுதலைப் போர்க்கால பிரிட்டிஷ் காலாட்படை. கண்டம் வேறானாலும் காலம் ஒன்றே, தோளில் இருக்கும் பிரவுன் பெஸ் துப்பாக்கியும் ஒன்றே. அதை நடத்தும் பெர்ரி சகோதரர்களில் ஒருவர் பீரங்கி விபத்தில் வலக்கையை இழந்து, இடக்கையால் செதுக்கப் பழகியவர். இரண்டு கையும் இருந்தும் ஒரு தலைப்பாகை கோணலாகப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம்தான் வரும்.

முதல் வேலை கால். மதராஸ் சிப்பாய்க்குப் பாதித் தொடை மட்டும் மறையும் வெள்ளைக் காற்சட்டை, அதற்குக் கீழே வெறுங்கால். எனவே பொம்மையின் முழங்காலுக்குக் கீழே உள்ள பொத்தான்களைச் சீவி எடுத்து, கத்தியைப் படுக்கவைத்துச் சுரண்டி, கெண்டைக்கால் தசை தெரிகிற மாதிரி வழித்துக்கொள்ள வேண்டும். தொடை நடுவில் மெல்லிய புட்டி இழை ஒன்று சுற்றினால் அதுவே காற்சட்டையின் விளிம்பு. இந்த ஒரு இழைதான் பொம்மையின் ஊரை மாற்றுகிறது.

அடுத்தது தலை. தொப்பியைப் புருவத்துக்கு மேலே கிடையாக அறுத்துவிட்டு, கிரீன் ஸ்டஃப் புட்டியில் தலைப்பாகை. இது நீலமும் மஞ்சளும் ஒட்டிய நாடாவாக வரும். இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் நடுக்கோடு ஏற்கெனவே இறுகிப் போயிருக்கும். அதைச் சீவி எறியாமல் பிசைந்தால் மடிப்புகளில் மணல் மணலாகக் கட்டி நிற்கும். மஞ்சள் கொஞ்சம் கூடினால் இளக்கமாக இருக்கும், துணி மடிப்புக்கு அதுதான் சரி. நீலம் கூடினால் கெட்டிப்படும், கூரான விளிம்புக்கு அது. உருண்டையைத் தலையில் அமுக்கி, தண்ணீரில் நனைத்த கத்தியின் முதுகால் சாய்வாகக் கோடு இழுத்தால் மடிப்பு விழும். சென்னையில் மே மாதத்தில் பாக்கெட்டில் எழுதியிருக்கும் நேரத்தை நம்பாதீர்கள், பாதியிலேயே முறுக்கிக்கொள்ளும். ஐந்தாறு தலைக்கு வேண்டிய அளவு மட்டும் பிசைவது நல்லது. மீதி நாடா ஃப்ரீசரில் இருந்தால் நெடுநாள் கெடாது. வீட்டில் கேள்வி வரும், அதற்குத் தயாராக இருங்கள்.

இறுகிய கிரீன் ஸ்டஃப் லேசாக ரப்பர் மாதிரி இருக்கும், உப்புத்தாள் போட்டால் பிய்யும். தேய்த்து வழவழப்பாக்க வேண்டிய இடத்துக்கு மில்லிபுட் என்ற இன்னொரு புட்டி. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் எம்-சீல் குழாய் ஒழுகலுக்கென்று வந்தது, முகத்துக்கும் மடிப்புக்கும் அதை இழுக்க வேண்டாம். ஆனால் பொம்மை நிற்கும் அடித்தட்டான பேஸில் பாறை, ஏரிக்கரை, வரப்பு எல்லாம் நான் அதில்தான் செய்கிறேன். காசும் மிச்சம்.

பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் சேர்க்க டாமியாவின் எக்ஸ்ட்ரா தின் சிமென்ட் என்ற ஒட்டுத் திரவம். அது இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிடுவதால் இத்தனை வருடத்தில் ஒரு கையும் கழன்று விழவில்லை. உலோகத்துக்கு ஃபெவிக்விக் போதும், ஆனால் கீழே விழுந்தால் அந்த ஒட்டு தாங்காது. கனமான துண்டு என்றால் துளை போட்டு பேப்பர் கிளிப் கம்பியைச் செருகிவிட்டு ஒட்டுங்கள்.

பெயிண்டில் நான் விலாவாரியாகச் சொல்ல விரும்புவது தோலைப் பற்றி. கடையில் ‘ஃப்ளெஷ்’ என்று விற்பது பெரும்பாலும் ஐரோப்பியர் நிறம். மதராஸ் படையில் தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள் எல்லாரும் இருந்தார்கள், ஒரே பழுப்பை எல்லாருக்கும் அப்பினால் உயிர் இருக்காது. மூன்று கலவை வைத்துக்கொள்கிறேன்: அடர் பழுப்பில் துளி சிவப்பு, நடுப் பழுப்பு, ஓக்கர் என்ற மண்மஞ்சள் கூடிய ஒன்று. வெளிச்சம் விழும் இடத்துக்கு வெள்ளை கலக்கவே கூடாது. கறுத்த தோலில் வெள்ளை சேர்ந்த பழுப்பு சாம்பல் பூசிய மாதிரி ஆகிவிடும். ஆரஞ்சுப் பழுப்பைச் சேர்த்து மூக்கு, கன்ன எலும்பு, முழங்கால், கெண்டைக்கால் நான்கையும் தொட்டால் வெயிலில் நிற்கிற ஆள் வந்துவிடுவான். வெறுங்கால் என்பதால் தோல் நிறம் நிறையத் தெரியும், இங்கே சோம்பல் கூடாது.

சிவப்புச் சட்டைக்கும் அதே விதி. சிவப்பில் வெள்ளை கலந்தால் ரோஸ் ஆகும், ஆரஞ்சு கலந்தால்தான் சிவப்பு எடுக்கும். முதல் பூச்சான பிரைமர் கறுப்பாக இருந்தால் அதன் மேல் சிவப்பு ஏறவே ஏறாது, செம்பழுப்பு அடித்துவிட்டு அதன் மேல் போடுங்கள். குறுக்குவாருக்கும் சட்டைக்கும் நடுவே மெல்லிய கருங்கோடு இழுத்தால் தூரத்திலிருந்து பளிச்சென்று பிரிந்து தெரியும். அந்த ஒரு கோடு மூன்று அடுக்கு ஹைலைட்டுக்குச் சமம்.

பிரஷ் விஷயத்தில் சிக்கனம் உதவாது. கோலின்ஸ்கி என்ற விலங்கின் முடியில் 1ஆம் நம்பர் ஒன்று வாங்கி, சோப்பு போட்டுக் கழுவி, நுனியைக் கூராக்கி வைத்தால் மலிவு பிரஷ் பத்துக்கு முன்னால் அது நிற்கும். பெயிண்ட் காயாமல் ஈரமாக வைக்கும் வெட் பேலட்டுக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள். டிபன் டப்பா, ஸ்பாஞ்சு, பட்டர் பேப்பர் போதும். நம்மூர்ப் புழுக்கத்தில் பூசணம் பிடிக்கும், ஸ்பாஞ்சை அடிக்கடி வெந்நீரில் அலசுங்கள்.

ஸ்ப்ரே பிரைமரையும் ஸ்ப்ரே வார்னிஷையும் ஐப்பசி, கார்த்திகையில் தொடாதீர்கள். ஈரக்காற்றில் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் வெள்ளையாகப் பனி படிந்துவிடும். எனக்கு ஒரு வரிசைப் படை அப்படி மங்கிப்போனது. மேலே பளபளப்பான கிளாஸ் வார்னிஷைப் பிரஷால் தடவியதும் ஓரளவு தெளிந்தது. இப்போது பிரைமர், வார்னிஷ் இரண்டும் பிரஷில்தான். முதலில் கிளாஸ், அதன் மேல் மேட். ஓயாமல் கை படுகிற பொம்மைக்கு இந்த இரட்டைப் பூச்சு நிற்கிறது. பெயிண்ட் முதலில் போவது துப்பாக்கி முனைக் கத்தியான பயனெட்டின் நுனியில்தான், பொம்மையைப் பேஸைப் பிடித்துத் தூக்கச் சொல்லி விருந்தாளிகளிடம் சொல்லிவைத்துவிட்டேன்.

பேஸுக்கு மெல்லிய எம்டிஎஃப் (மரத்தூள் பலகை) எடுத்தால் ஃபெவிகால் ஈரத்தில் வளையும். அடிப்பக்கமும் பெயிண்ட் அடித்த பிறகுதான் மண் ஒட்ட வேண்டும். மண் நம் வாசலிலேயே இருக்கிறது, டீ வடிகட்டியில் சலித்து வாணலியில் வறுத்துவிடுங்கள். அடியில் ஒட்டும் இரும்புத் தகடு கடல்காற்றில் துருப்பிடிக்கும், அதற்கும் ஒரு கோட்டிங் தேவை.

மைசூர்ப் பக்கம் வந்தால் எல்லாருக்கும் கை துருதுருக்கும், புலிக்கோடு போட. எனக்கு உடன்பாடில்லை. புலிச் சின்னம் திப்புவுக்கு உரியது, அவர் ஆட்சிக்கு வந்ததே 1782இன் கடைசியில். 1780இல் நடப்பது ஹைதரின் படை. அதனால் என் மைசூர்க்காரர்கள் பல நிறத் துணியில்தான் இருக்கிறார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகையில் இந்தச் சண்டையைச் சுவர் முழுக்க வரைந்திருக்கிறார்கள், ஆனால் அது பிற்பாடு பழுதுபார்த்து மறுபடி வண்ணம் ஏற்றிய ஓவியம். படை நின்ற அமைப்புக்கு அதைப் பார்க்கிறேன், பொத்தான் நிறத்துக்குப் பார்ப்பதில்லை.

மைசூர்ப் படையின் ராக்கெட் செய்வது சுலபம். இரும்புக் குழலுக்குப் பிளாஸ்டிக் ராட், மூங்கிலுக்குத் துடைப்பத்து ஈர்க்கு, கட்டுவதற்குத் தையல் நூல். 2018இல் சிவமொக்கா மாவட்டம் நகராவில் ஒரு பாழுங்கிணற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைசூர் ராக்கெட்டுகள் கிடைத்தனவே, அந்தப் படங்களைப் பார்த்துத்தான் குழலின் பருமனைக் குறைத்தேன். ஈர்க்கில் பெயிண்ட் சரியாகப் பிடிக்காது, முதலில் ஒரு கை ஃபெவிகால் தண்ணீர் பூசிவிடுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர் ஒரு பெட்டி, கத்தி, சிமென்ட், ஒரு நாடா கிரீன் ஸ்டஃப், ஒரு நல்ல பிரஷ், எட்டு பத்து பாட்டில் பெயிண்ட் வாங்கினால் போதும். ஏர்பிரஷ், வெளிச்சத்துக்கென்று தனி விளக்கு, நூறு பாட்டில் செட் எல்லாம் முதல் பட்டாலியன் மேசையில் நின்ற பிறகு யோசியுங்கள்.