டூயல் பூட்டிலிருந்து விஎம்முக்கு: லினக்ஸில் பேஜ்மேக்கர் ஓட்டும் அனுபவம்

லினக்ஸுக்கு மாறிய பிறகும் விண்டோஸை ஒரேயடியாகத் தலைமுழுக முடியாதவர்களில் நானும் ஒருவன். தொழில், புத்தக வடிவமைப்பு. புதிய புத்தகங்கள் எல்லாம் யூனிகோடில், லினக்ஸ் மின்டிலேயே முடிந்துவிடுகின்றன. மறுபதிப்புகள்தான் பிரச்சினை. பதிப்பகத்தார் பென் டிரைவில் கொண்டுவந்து கொடுக்கும் பழைய ஃபைல் பெரும்பாலும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில்தான் இருக்கும். அடோபி 2001இல் பேஜ்மேக்கர் 7ஐ வெளியிட்டதோடு சரி, அதற்கு மேல் பதிப்பே வரவில்லை. அதற்கு யூனிகோடும் தெரியாது. ஆனாலும் நம் அச்சகங்களை விட்டு அது போகவில்லை.

நெடுங்காலம் டூயல் பூட்டில்தான் இருந்தேன். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருக்கும், ஏற்றும்போது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேகத்தைப் பொறுத்தவரை அதில் குறையே சொல்ல முடியாது. முழு ரேமும் முழு பிராசஸரும் விண்டோஸுக்கே போகும். தொல்லை எல்லாம் ஓரங்களில். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். அதனால் விண்டோஸுக்குள் போனால் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். ஒரே கட்டளையில் சரியாகிவிடும் என்றாலும், தெரியாதவருக்கு மண்டை காயும். அடுத்தது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 முதல் ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணைவதில்லை, பாதி உறக்கத்துக்குத்தான் போகிறது. லினக்ஸில் அந்த டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும்தான் விடும், எழுத விடாது. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று, செக்யூர் பூட் (கையொப்பமுள்ள மென்பொருளை மட்டும் ஏறவிடும் பாதுகாப்பு) வைத்திருந்த பல டூயல் பூட் கணினிகளில் லினக்ஸையே ஏறவிடாமல் செய்தது.

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு அத்தியாயத்தில் இரண்டு வரி திருத்த, திறந்துகிடக்கும் அத்தனையையும் மூடி ரீஸ்டார்ட் செய்வதுதான் எரிச்சல். மெயிலும் மெய்ப்புப் பிரதியும் ஒரு பக்கம், பேஜ்மேக்கர் இன்னொரு பக்கம். நடுவே பூட் மெனு.

விர்ச்சுவல்பாக்ஸ், கணினிக்குள் இன்னொரு கணினியை (விர்ச்சுவல் மெஷின், சுருக்கமாக விஎம்) ஓட்டும் மென்பொருள். அதில் விண்டோஸ் எக்ஸ்பியைப் போட்டதும் வேலையின் போக்கே மாறிவிட்டது. பேஜ்மேக்கர் பிறந்த காலத்து விண்டோஸ் அது, அதில்தான் நிம்மதியாக ஓடுகிறது. இன்றைய லேப்டாப்பில் எக்ஸ்பியை நேரடியாக நிறுவுவது நடக்காத காரியம். கணினியை ஏற்றும் யூஇஎஃப்ஐ, புதுவகை எஸ்எஸ்டியான என்விஎம்இ எதுவுமே அதற்குத் தெரியாது. விஎம்மோ பழைய கணினி போலவே வேஷம் போட்டு அதை ஏமாற்றிவிடும். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் ஐடிஇ என்ற பழைய வகை கன்ட்ரோலரில் மாட்டுங்கள். அதைவிடப் புதிய சாட்டாவில் விட்டால் நிறுவும்போதே 7பி என்ற நீலத்திரைதான் மிஞ்சும். 512 எம்பி ரேம் கொடுத்தால் எக்ஸ்பிக்குத் தாராளம்.

எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. ஆகவே அந்த விஎம்முக்கு நெட்வொர்க் அடாப்டரையே நான் தரவில்லை. ஃபைல் போக்குவரத்துக்கு ஷேர்டு ஃபோல்டர் போதும், அதற்கு நெட்வொர்க் தேவையில்லை. வேலை முடிந்ததும் ஷட்டவுன் செய்யாமல் 'சேவ் ஸ்டேட்' கொடுத்துவிடுவேன். மறுநாள் திறந்தால் கர்சர் விட்ட இடத்திலேயே துடித்துக்கொண்டிருக்கும். டூயல் பூட்டில் இந்தச் சுகம் கிடையாது.

தமிழ்த் தட்டச்சு பற்றி ஒரு வார்த்தை. லினக்ஸில் ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகத் தமிழ்99 அடிக்கிறேன். விஎம் ஜன்னலுக்குள் போனதும் அது எடுபடாது. வெறும் விசைதான் உள்ளே போகும், எழுத்தாக்கும் வேலையை உள்ளிருக்கும் விண்டோஸ்தான் செய்ய வேண்டும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி எழுத்துருவில் இது வசதியாகவே போய்விடுகிறது. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வரிசையாக அடித்தால் 'தமிழ்' வந்துவிடும், வேறு மென்பொருள் எதுவும் வேண்டாம். அங்கிருந்து ஒரு பத்தியைக் காப்பி செய்து லினக்ஸ் பக்கம் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். அதை எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிக்கொள்கிறேன். ஒற்றெழுத்துகளை மட்டும் கண்ணால் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

இன்னொரு விஎம்மில் விண்டோஸ் 11 இருக்கிறது. டிராக் சேஞ்சஸோடு வரும் வேர்டு ஃபைல்களுக்கும், லினக்ஸ் டிரைவர் இல்லாத ஸ்கேனர் ஒன்றுக்கும். அதை விஎம் ஓட்டும் இன்னொரு வழியான கேவிஎம்மில் ஓட்டுகிறேன். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே 2007 முதல் இருக்கும் வசதி என்பதால், கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு மாட்யூல் ஏறவில்லை என்ற புலம்பல் இல்லை. விர்ச்சுவல்பாக்ஸில் அந்தப் புலம்பல் அவ்வப்போது உண்டு. ஆனால் கேவிஎம் முதல் நாளே கொஞ்சம் சோதிக்கும். டிஸ்க்கை விஎம்முக்கென்றே உள்ள வெர்ட்ஐஓ வகையாக வைத்தால், நிறுவும்போது விண்டோஸுக்கு டிஸ்க்கே தெரியாது. வெர்ட்ஐஓ ஐஎஸ்ஓவையும் சேர்த்து மாட்டி, 'லோட் டிரைவர்' அழுத்தி எடுத்துக்கொடுக்க வேண்டும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பையும் கேட்கும். மென்பொருள் டிபிஎம்மையே அது ஏற்றுக்கொள்கிறது. விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேம் என்பதால், மொத்தமே 8 ஜிபி வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். பிரவுசரும் விஎம்மும் அடித்துக்கொள்ளும். 16 ஜிபி போட்ட பிறகுதான் எனக்கு நிம்மதி.

விஎம்மின் அப்போதைய நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட் பெரிய வரம். அப்டேட்டுக்கு முன் ஒன்று எடுத்துவைத்தால், சொதப்பினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். பழையவற்றை அழிக்காவிட்டால் எஸ்எஸ்டியைத் தின்றுவிடும்.

டூயல் பூட் இன்னும் தேவைப்படும் இடங்களும் உண்டு. கனமான விளையாட்டு, வீடியோ எடிட்டிங், கிராபிக்ஸ் கார்டின் முழு பலத்தையும் கேட்கும் எதுவானாலும் விஎம்மில் மூச்சுத் திணறும். தனி கிராபிக்ஸ் கார்டை விஎம்முக்கே தாரைவார்க்கும் வழி இருக்கிறது. என் லேப்டாப்புக்கு அது சரிப்படவில்லை. வேலரன்ட் போன்ற விளையாட்டுகளில் ஏமாற்றைத் தடுக்கும் ஆன்டி-சீட், விஎம் என்று தெரிந்தால் உள்ளேயே விடாது. அதனால் விண்டோஸ் பார்ட்டிஷனை அழிக்காமல் சுருக்கி மட்டும் வைத்திருக்கிறேன்.

பலர் மறந்துவிடும் செலவு ஒன்று இருக்கிறது. லேப்டாப்போடு வரும் விண்டோஸ் உரிமம் அந்த மதர்போர்டுக்கு மட்டுமே. விஎம்முக்குத் தனி உரிமம் வாங்க வேண்டும். எக்ஸ்பிக்குப் பழைய சிடியும் கீயும் பீரோவில் இருந்ததால் தப்பித்தேன், விண்டோஸ் 11க்குக் காசு கொடுத்துத்தான் வாங்கினேன்.